சைக்கிளை எங்கே விட்டுவிட்டு நடப்பது? அருகிலுள்ள குன்றுகளில் சில அனுபவங்கள்

வீட்டிலிருந்து மிதித்தே போய்ச் சேரக்கூடிய தூரத்தில், அதிகம் பேர் ஏறாத ஒரு குன்று இருந்தால், சைக்கிளையும் மலைநடையையும் சேர்த்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் எண்ணம். இருநூறு முந்நூறு மீட்டர் உயரமே உள்ள ஒரு குன்றுக்குக் காரில் போனால் ஏறுவதும் இறங்குவதும் அரை நாளுக்குள் முடிந்துவிடும். போனோமா வந்தோமா என்று ஆகிவிடும். அதே குன்றுக்கு மிதித்துப் போகும்போது, அது தொலைவில் தெரியத் தொடங்குவதும், சாலை திரும்பத் திரும்ப அதன் வெவ்வேறு பக்கங்கள் கண்ணில் படுவதும், எந்தப் பக்கம் சரிவு குறைவு என்று மிதித்தபடியே கணித்துக்கொள்வதும் சேர்ந்து, ஏற்றம் அடிவாரத்துக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

இதில் யோசித்து முடிவெடுக்க வேண்டியது, சைக்கிளை எந்த இடத்தில் விட்டுவிட்டு நடப்பது என்பதுதான். 100 மீட்டர் தூரத்துக்கு 10 மீட்டர் ஏறுகிற சரிவுவரை, சின்ன கியர் இருந்தால் உட்கார்ந்தபடியே மிதித்துவிடலாம். அதற்கு மேல் செங்குத்தாகி, தடத்தில் உதிரிக் கற்களும் சேர்ந்துகொண்டால் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழல ஆரம்பிக்கும். எழுந்து நின்று மிதித்தால் உடல் எடை முன்னால் போய்விடுவதால் பிடிப்பு இன்னும் குறையும். இறங்கித் தள்ளுவது வெறுமனே நடப்பதைவிடக் கடினம், ஏனென்றால் ஒற்றையடிப் பாதையில் சைக்கிளுக்கு இடம் கொடுத்துவிட்டு நாம் பாதையின் ஓரச் சரிவில் நடக்க வேண்டியிருக்கும், பெடலோ இரண்டடிக்கு ஒரு முறை முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டே வரும்.

உச்சியைக் கடந்து மறுபக்கமாக இறங்கும் திட்டத்தோடு அப்படி ஒரு தடத்தில் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்த முதியவர் ஒருவர் நின்று சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். “அது உங்கள இழுத்துட்டு வந்த இடத்தோட விட்டுட வேண்டியதுதானே தம்பி, நீங்க எதுக்கு அத இழுத்துட்டுப் போறீங்க?” என்று கேட்டார். மறுபக்கத் தடத்தை மழைநீர் அறுத்துக்கொண்டு போய்விட்டதையும், சைக்கிளைச் சாய்த்து வைக்கத் தோதான பாறை சற்றுக் கீழே இருப்பதையும் அவர்தான் சொன்னார். அவர் சொன்ன இன்னொன்றை இன்றுவரை பயன்படுத்துகிறேன்: ஆட்டுத் தடம் மேய்ச்சலை நோக்கிப் போகுமே தவிர உச்சியை நோக்கிப் போகாது. குன்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஏறாமலே நீளும் தெளிவான பாதையைக் கண்டால் அதை நம்பிப் பின்தொடரக் கூடாது.

பிரிட்டனில் 1955-இல் தொடங்கப்பட்ட ‘ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்’ என்ற சங்கத்தினர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டே கணவாய்களைக் கடக்கும் பழைய நிழற்படங்களைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கத்துக்குப் போயே ஆக வேண்டியவர்களுக்கு அது நியாயம். ஏறிய வழியே திரும்புகிறவர்களுக்கு வீண் சுமை.

நேரத்தைக் கணிக்க, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. மெட்ரிக் அளவில் சொன்னால், 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி, மொத்தம் 6 கிலோமீட்டர் நடையும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு குன்றுக்கு ஒரு மணி 42 நிமிடம் ஆகும். இதில் ஓய்வுக்கு இடமில்லை. மிதித்துக் களைத்த கால்களுக்கும் இடமில்லை. ஆகவே நான் பாதியளவு கூட்டி இரண்டரை மணி என்று வைத்துக்கொண்டு, திரும்பி மிதிக்க வேண்டிய நேரத்தையும் பொழுது சாய்வதையும் அதோடு பொருத்திப் பார்க்கிறேன்.

நன்றாக மிதிக்கிறவர்களும் எதிர்பாராத ஒன்று இறக்கத்தில் காத்திருக்கிறது. நெடுந்தூரம் மிதித்துப் பழகிய ஒரு பெண்ணை ஓர் உச்சியில் சந்தித்துச் சேர்ந்தே இறங்கினோம்; வழியெல்லாம் அவர் எனக்கு முன்னால்தான் போனார். மறுநாள் மாலை, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். சைக்கிள் மிதிக்கும்போது முன்தொடைத் தசை சுருங்கியபடி விசை தருகிறது. சரிவில் இறங்கும்போதோ அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த உழைப்புக்குப் பழகாத தசையில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, வலி அன்றைக்குத் தெரியாமல் ஒன்றிரண்டு நாட்கள் கழித்து உச்சத்துக்கு வரும். மிதிப்பதை மேலும் கூட்டுவது இதற்குப் பரிகாரமாகாது. சிறிய இறக்கங்களில் அவ்வப்போது நடந்தால், அடுத்த முறை அதே இறக்கத்தைத் தசை எளிதாகத் தாங்கிக்கொள்ளும்.

காலணியைப் பொறுத்தவரை, பெடலில் மாட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கி உள்ளவற்றைப் பாறையில் போட்டு நடக்கவே கூடாது. தட்டையான பெடலும் சாதாரண நடைக் காலணியும் போதும்.

சைக்கிளை விடும் இடத்துக்குச் சற்று முன்பே, மிதித்துக்கொண்டிருக்கும்போதே சின்ன கியருக்கு மாற்றிவிடுவது நல்லது. பெரும்பாலான சைக்கிள்களில் செயின் ஓடினால்தான் கியர் மாறும். நடந்து திரும்பிய கால்கள் முதல் பத்து நிமிடங்களுக்கு நம் சொல் கேட்காது. பூட்டும்போது சக்கரத்தை மட்டும் பூட்டாமல் சட்டத்தையும் சேர்த்து மரத்தோடு பூட்ட வேண்டும்.

சைக்கிள் ஓரிடத்தில் காத்திருப்பதால் ஏறிய பக்கமே இறங்கியாக வேண்டும் என்பதுதான் இந்த முறையில் எனக்கு இருந்த ஒரே மனக்குறை. நண்பர் ஒருவரோடு போகத் தொடங்கிய பிறகு அதற்கும் வழி கிடைத்தது. அவர் ஒரு பக்க அடிவாரத்தில் தம் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறுவார், நான் எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறுவேன். உச்சியில் சந்தித்துச் சாவிகளை மாற்றிக்கொண்டு, ஆளுக்கொரு புதிய பக்கமாக இறங்கி, மற்றவருடைய சைக்கிளில் வீடு திரும்புவோம். அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். ஆகவே இருக்கையைத் தளர்த்தும் ஸ்பேனர் இருவர் பையிலும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்குள் சட்டமாகவே ஆகிவிட்டது.