38 குட்டிகளோடு கல்லாகிப்போன காயெண்டாதீரியம்: அது பாலூட்டிதானா?

மஞ்சக்குப்பத்தார் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளைச் சென்ற மாதம் திருவக்கரைக் கல்மரப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மரம் கல்லாகும் என்றால் அதன் இலையைத் தின்ற விலங்கு எங்கே போயிற்று என்று அங்கேயே கேட்டவள், வீட்டுக்கு வந்து தானாகவே தேடிப் படித்து, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 38 குட்டிகளோடு ஒரே பாறைக்குள் கிடைத்த காயெண்டாதீரியம் என்னும் தாவர உண்ணியைப் பற்றிச் சொன்னாள். படத்தைப் பார்த்தால் நம் ஊர்ப் பெருச்சாளியை நாயளவுக்குப் பெருக்கியது போல் இருக்கிறது. முன்னால் உளி போன்ற வெட்டுப்பற்கள், பிறகு ஓர் இடைவெளி, அதற்கும் பின்னால் கடைவாய்ப்பற்கள். ஆகவே அது பாலூட்டிதான் என்றேன். அவளோ, உறவினமே தவிரப் பாலூட்டி இல்லை என்கிறாள். கோட்டை எங்கே கிழிக்கிறார்கள்? குட்டிகளின் எண்ணிக்கையை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? நம் பக்கத்தில் இப்படி ஒன்று கிடைக்க வாய்ப்பு உண்டா?

வில்லியனூர் விலங்கியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, உங்கள் மகள் சொன்னதே சரி. ஆனாலும் நீங்கள் வருந்த வேண்டியதில்லை. இதே தவற்றை ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவனும் செய்திருக்கிறார். தென் ஆப்பிரிக்கப் பகுதியிலிருந்து வந்த டிரைட்டிலோடான் என்னும் விலங்கின் மண்டையோட்டை 1884இல் விவரித்தபோது, பற்களை மட்டும் வைத்து அதைப் பாலூட்டி என்றே அவர் முடிவு செய்தார். காயெண்டாதீரியம் அந்த டிரைட்டிலோடான் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அந்தப் பற்கள் யாரையும் ஏமாற்றக்கூடியவை. மேல்வாயின் ஒவ்வொரு கடைவாய்ப்பல்லிலும் மூன்று வரிசை முகடுகளும் அவற்றுக்கு நடுவே இரண்டு பள்ளங்களும் உண்டு. கீழ்ப்பல்லில் இரண்டு வரிசை முகடுகள் இருந்து அந்தப் பள்ளங்களில் கச்சிதமாகப் பொருந்தும். வாயை மூடியதும் கீழ்த்தாடை பின்னோக்கி இழுபட, நடுவில் சிக்கிய தழை நைந்துபோகும். குழவியைத் தள்ளும்போது அரைபடாமல் இழுக்கும்போது மட்டும் அரைபடுகிற ஓர் அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதைபடிவங்களில் கோடு கிழிக்கும் இடம் பல் அன்று, தாடை மூட்டு. பாலூட்டியின் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரே எலும்புதான்; அதுவே நேராக மண்டையோட்டில் பொருந்துகிறது. டிரைட்டிலோடான் குடும்பத்தில் அந்தப் பெரிய எலும்புக்குப் பின்னால் சிறிய எலும்புகள் எஞ்சியிருந்தன. மூட்டு அவற்றில்தான் அமைந்திருந்தது. அந்த மூட்டில் மேலும் கீழுமாகப் பொருந்தியிருந்த எலும்புகள் நம்மிடமிருந்தும் மறைந்துவிடவில்லை. காதுக்குள் இடம்பெயர்ந்து, நாம் பாடத்தில் நடத்துகிற சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் ஆகிவிட்டன. கருவளர்ச்சியில் இந்த எலும்புகள் தாடையோடு தொடர்புடையவையாகத் தோன்றுவதை 1837இலேயே ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கார்ல் ரைக்கர்ட் காட்டிவிட்டார்.

பழைய நூல்கள் இவற்றைப் "பாலூட்டி போன்ற ஊர்வன" என்று குறிப்பதுண்டு. அந்தப் பெயரைத் தயவுசெய்து பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டாம். பாலூட்டிகளுக்கு வந்த வழியும் பல்லி, பாம்பு, பறவைகளுக்குப் போன வழியும் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. காயெண்டாதீரியம் முதலாவது வழியில் நின்ற உயிர்.

லாஸ்பேட்டை வாசகர் எழுதியது:

குட்டிகளைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன், ஏனெனில் அந்தக் கண்டுபிடிப்பின் கதையே எனக்கு மிகவும் பிடித்தது. 2000ஆம் ஆண்டில் திமதி ரோ என்பவரின் குழு, அரிசோனாவில் நவஹோ என்னும் பழங்குடி மக்களின் நிலத்திலுள்ள காயெண்டா பாறை அடுக்கிலிருந்து ஒரு பாறைத் துண்டைப் பெயர்த்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு விலங்கின் எலும்புகள் மட்டுமே உள்ளே இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். 2009இல் அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்த செபாஸ்டியன் எக்பெர்ட்ஸ், அந்தப் பெரிய விலங்குக்குச் சொந்தமாக இருக்கவே முடியாத அளவு சிறிய பல் எனாமல் துணுக்கு ஒன்றைக் கண்டார். பிறகு பாறையை உடைக்காமல் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், ஏறத்தாழ 18.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இறந்த குறைந்தது 38 குஞ்சுகள் உள்ளே இருந்தன. மண்டையோடு ஒவ்வொன்றும் சுமார் 1 சென்டிமீட்டர் நீளம். முட்டைக்குள் இருந்த நிலையிலோ, பொரித்து வெளிவந்த உடனேயோ அவை இறந்திருக்க வேண்டும். ஆகவேதான் குட்டி என்று எழுதாமல் குஞ்சு என்று எழுதுகிறேன்.

ஈவா ஹாஃப்மனும் ரோவும் 2018இல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் முன்வைத்த கருத்து மூளையைப் பற்றியது. நம் வீட்டுக் கைக்குழந்தையானாலும் நாய்க்குட்டியானாலும், தலை உருண்டு பெருத்தும் முகம் சப்பையாகவும் இருப்பதற்குக் காரணம், மூளை முந்திக்கொண்டு வளர்வதே. காயெண்டாதீரியத்தின் குஞ்சுகளுக்கோ தாயின் மண்டையோட்டைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கியது போன்ற அதே முகவாக்கு. மூளைக்கென்று தனிச் செலவு இல்லாததால் நிறையப் பெற முடிந்தது. பின்னாளில் மூளை பெருத்த வழியில் ஈற்றின் அளவு சுருங்கியது. இன்றும் முட்டையிடுகிற பாலூட்டிகளைப் பாருங்கள்: பிளாட்டிபஸ் பெரும்பாலும் 2 முட்டை, எக்கிட்னா ஒன்றே ஒன்று.

முத்தியால்பேட்டை ஐயப்பாட்டாளர் எழுதியது:

ஒரு பாறைத் துண்டை வைத்து இவ்வளவு பெரிய முடிவா? பன்றியும் எலியும் ஒரே ஈற்றில் பத்துக்கு மேல் போடுகின்றன. மடகாஸ்கரின் டென்ரெக் என்னும் சிறு பாலூட்டி 32 வரை ஈனும் என்று படித்திருக்கிறேன். மேலும், பல தாய்களின் குஞ்சுகள் ஒரே வளைக்குள் கூடியிருக்கலாம் அல்லவா?

லாஸ்பேட்டை வாசகர் எழுதியது:

ஐயம் நியாயமானது. அந்தப் பெரிய விலங்கைத் தாய் என்று கொள்வது ஊகமே. அதை அவர்களும் மறைக்கவில்லை. ஆனால் குஞ்சுகள் எல்லாம் ஒரே வளர்ச்சிப் பருவத்தில் இருப்பதால் ஒரே ஈற்று என்று கொள்வதே பொருத்தம். டென்ரெக்கின் 32 என்பது உச்ச அளவு. உயிரோடுள்ள எந்தப் பாலூட்டியின் சராசரி ஈற்றை எடுத்தாலும் 38 என்பது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். என்னைக் கேட்டால், எண்ணிக்கையைக் காட்டிலும் அந்த மண்டையோடுகளின் வடிவமே வலுவான சான்று. எண்ணிக்கையைச் செய்தித்தாள்கள் பெரிதாக்கின, அவ்வளவுதான்.

நெய்வேலிக்காரர் எழுதியது:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லையே. சுருக்கமான பதில், நம் பக்கத்தில் கிடைக்காது. காரணம் பாறையின் வயது. திருவக்கரை மரங்கள் கிடக்கும் கடலூர் மணற்கல்லும் எங்கள் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியும் கோடிக் கணக்கில் எண்ணினால் ஒன்றிரண்டு கோடி ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூர்ப் பக்கம் அம்மோனைட்டுகள் என்னும், அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடல் உயிர்கள் கிடைக்கும் பாறை சுமார் 7 கோடி ஆண்டுப் பழமையானது. அதுவும் கடலடியில் படிந்தது. செஞ்சிக் குன்றுகளோ ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. அப்போது பல்லும் கிடையாது, தாடையும் கிடையாது. நமக்கு வாய்த்த பாறைகள் ஒன்று மிக இளையவை, அல்லது மிக மிக மூத்தவை.

காயெண்டாதீரியம் வாழ்ந்த காலத்தில் கடலூருக்குக் கடலே இல்லை என்பதையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். இந்தியாவின் கிழக்கு ஓரம் அப்போது அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. இரண்டும் பிரிந்து வங்கக்கடல் திறந்தது அதற்கு ஐந்து கோடி ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

நாட்டுக்குள் தேட வேண்டுமானால் கோதாவரிப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். இன்றைய தெலங்கானாவிலுள்ள மலேரி பாறை அடுக்கிலிருந்து, அகன்ற கடைவாய்ப்பற்களைக் கொண்ட எக்ஸெரிடோடான் என்னும் தாவர உண்ணியைச் சங்கர் சாட்டர்ஜி 1982இல் விவரித்தார். அது காயெண்டாதீரியத்தினும் மூத்தது, 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட டிரயாசிக் காலத்தது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நினைவாக அதற்கு ஸ்டாட்டிஸ்டிக்கே என்று சிற்றினப் பெயர் இட்டார். அந்த நிறுவனத்துக்கு நிலவியல் பிரிவு இருப்பதும், கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த பாரபசாரஸ் டைனோசரின் எலும்புக்கூடு கொல்கத்தாவில் அவர்களிடமே நிற்பதும் நம்மில் பலர் அறியாதவை.

மஞ்சக்குப்பத்தார் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தாடை மூட்டு காதுக்குள் போன செய்தியைச் சொன்னதும், மகள் வாயைத் திறந்து மூடியபடி காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவளுடைய அடுத்த கேள்வி: பாலூட்டிகள் வந்தவுடன் இவை அழிந்துவிட்டனவா?

வில்லியனூர் விலங்கியல் ஆசிரியை எழுதியது:

இல்லை, அம்மா. டிரைட்டிலோடான் குடும்பம் தொடக்ககாலப் பாலூட்டிகளோடு பல கோடி ஆண்டுகள் சேர்ந்தே வாழ்ந்தது. ஜப்பானின் இஷிகாவா மாவட்டத்தில், டைனோசர் யுகத்தின் கடைசிக் காலமான கிரீத்தேசியத்தின் முற்பகுதியைச் சேர்ந்த பாறையில், இக்குடும்பத்தின் பற்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றுக்கு மான்டிரிக்டஸ் என்று 2016இல் பெயரிட்டார்கள். மேற்பல்லில் அதே மூன்று வரிசைதான்.