நாகர்கோவிலில் மாலைக் காட்சி: அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

குலசேகரத்துப் பையன்:
அம்மாவுக்கு வயது 68, முட்டு வலி உண்டு. தியேட்டருக்குப் போய் வருஷக்கணக்காகிறது. ஞாயிற்றுக்கிழமை 6.30 மணிக் காட்சிக்குக் கூட்டிப்போக ஆசை. பஸ்ஸில்தான் போகணும். சிரமமாக இருக்குமா?

தக்கலை அக்கா:
தாராளமாகக் கூட்டிட்டுப் போ தம்பி. நான் என் மாமியாரை அடிக்கடி அழைத்துப் போகிறவள். பால்கனி வேண்டாம். விளக்கை அணைத்த பிறகு அந்தப் படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறுவது அவர்களுக்குப் பெரும் பாடு. கீழேயே, நடைபாதையை ஒட்டிய சீட்டாகக் கேட்டு வாங்கு, காலை நீட்டிக்கொள்ளலாம். கால் மணி நேரம் முன்னாடியே உட்காரவை. ஏசி குளிரும், ஒரு சால்வை இருக்கட்டும். இடைவேளையில் எல்லோரும் எழுந்து போன பிறகு கழிப்பறைக்குக் கூட்டிப்போனால் இடிபட மாட்டார்கள்.

நம் ஊரில் மலையாளப் படங்கள் மொழிமாற்றாமல் அப்படியே ஓடும், எந்த மொழி என்று பார்த்து டிக்கெட் எடு. படம் விட 9.30 தாண்டலாம். குலசேகரத்துக்குக் கடைசி பஸ் எப்போது, வடசேரியிலா அண்ணா பஸ் ஸ்டாண்டிலா என்று போகும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடு.

வடசேரி வாசகன்:
அக்கா சொன்னது சரி. முன்னதாக வந்தால் ரசவடை வாங்கிக் கொடுங்க. பழைய படப் பிரியை என்றால் 1908-இல் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரியையும் காட்டுங்க, பக்கம்தான்.

குலசேகரத்துப் பையன்:
நன்றி அக்கா, அண்ணே. கீழ் சீட்டே எடுக்கிறேன். அம்மா இப்பவே சேலை எடுத்து வைத்துவிட்டார்கள்.