இடக்கை டபுள் பேஸ்: மாற்றுவதா, செய்யச் சொல்வதா?

கேள்வி: பினாங்கில் இருக்கேன். இடக்கைக்கு முக்கால் சைஸ் டபுள் பேஸ் (ஆளுயர வயலின் மாதிரி வாத்தியம்) வேணும். வலக்கை பேஸில் தந்திகளை இடம் மாற்றிப் போட்டால் போதுமா?

பதில் 1: போதாதுங்க. உள்ளே பேஸ் பார் (மேல்பலகைக்கு அடியில் ஒட்டிய நீளக் கட்டை) தடித்த இ தந்திப் பக்கமும், சவுண்ட் போஸ்ட் (மேல், கீழ்ப் பலகைகளுக்கு நடுவே நிற்கும் குச்சி) மெல்லிய ஜி தந்திப் பக்கமும் நிற்கணும். போஸ்ட்டை மேல்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளை வழியாகவே நகர்த்தலாம். பாரை மாற்ற மேல்பலகையைக் கழற்றியாகணும். விட்டுவிட்டால் கீழ்ச்சுரம் சோகையாகிவிடும். நட் (கழுத்து முனையில் தந்திகளைத் தாங்கும் கட்டை), பிரிட்ஜ் (மேல்பலகை மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) இரண்டும் புதிதாகச் செதுக்கணும். இ தந்திக்கடியில், விரல் அழுத்தும் ஃபிங்கர்போர்டைச் சீவியிருந்தால் அந்தப் பலகையும் போச்சு.

பதில் 2: இவ்வளவுக்கு செய்யச் சொல்வதே மேல். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி நீளத்தை எழுதிக் கொடுங்க, 104–106 செ.மீ. உயரத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த பிரிட்ஜ் கேளுங்க அண்ணே. நம்ம ஊர் ஈரத்தில் மேல்பலகை உப்பி தந்தி உயரும். ஏர்கோன் அறைக்குப் போனால் சுருங்கி ஓரத்து ஒட்டு பிரியும்.

கேட்டவர்: பிளைவுட்டில் செய்தால்?

பதில் 2: வெடிப்புக்கு அஞ்சவேணாம். ஒலி கொஞ்சம் மந்தம்தான்.