அம்மாவின் தேத்தண்ணியை எவ்வளவு தடிப்பாக்குவது?

வெள்ளவத்தை மகள்:
பாரிசவாதம் வந்த பிறகு அம்மாவுக்குத் தண்ணீரும் பிளேன்ரீயும் புரைக்கேறுகின்றன. கிளினிக்கில் தடிப்பாக்கும் பவுடர் எழுதித் தந்து, இரண்டாம் நிலைத் தடிப்பில் (எண் கூடக்கூடத் தடிப்பும் கூடும்) கொடுக்கச் சொன்னார்கள். கனடாவிலிருக்கும் அண்ணாவோ, "இன்னும் தடிப்பாக்கு, அதுதான் பாதுகாப்பு" என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அப்படிக் கொடுத்தால் இருமல் குறைகிறது, உண்மைதான். ஆனால் குடித்த பிறகு குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்கிறது, கப்பையும் தள்ளிவிடுகிறா. பவுடர் டின்னும் சரியான விலை. கோன்மா காய்ச்சிக் கலக்கலாமா?

றாகம பட்டதாரி:
தங்கச்சி, நான் பேச்சுச் சிகிச்சையாளர். அண்ணா சொல்வது பாதிதான் சரி. தண்ணீர் நாக்கிலிருந்து சட்டென்று வழுகித் தொண்டைக்கு இறங்கிவிடும். பாரிசவாதத்துக்குப் பிறகு விழுங்கும் செயல் தாமதித்தே தொடங்கும். மூச்சுக்குழாய் மூடுவதற்குள் தண்ணீர் அங்கே போய்விடுகிறது. தடிப்பாக்கினால் மெதுவாக இறங்கும், மூடுவதற்கு நேரம் கிடைக்கும்.

ஆனால் தடிப்புக் கூடக்கூட அதைத் தள்ளுவதற்கு நாக்குக்கும் தொண்டைக்கும் பலம் வேண்டும். பலம் போதாவிட்டால் மிச்சம் தொண்டைக் குழிகளில் தங்கும். பிறகு மூச்சு இழுக்கும்போது அது உள்ளே போகலாம். அந்த ஈரக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. குரல்நாண் பக்கம் ஏதோ நிற்கிறது என்றுதான் நினைப்பேன். இருமல் இல்லை என்று நிம்மதிப்படவும் முடியாது. சிலருக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குப் போகும். குடிப்பது குறைந்தால் உடலில் நீர் வற்றும். கொழும்பு வெயிலுக்குக் கேட்கவும் வேண்டுமா?

கோன்மா வேண்டாம். மாப்பொருளை எச்சில் உடைத்துவிடும். அதே கரண்டியைத் திரும்பத் திரும்பக் கப்பில் விட்டால் தேத்தண்ணி தண்ணியாகிவிடும். டின்னில் சாந்தன் கம் (ஒருவகைப் பசைத் தடிப்பாக்கி) என்று இருக்கிறதா பாருங்கள், அதை எச்சில் உடைக்காது. கலக்கிச் சில நிமிடம் விட்டுக் கொடுங்கள். பாலில் இறுக இன்னும் நேரமெடுக்கும்.

தெமட்டகொட சேகர்:
தடிப்பை அளக்க அப்பாவுக்கு நான் செய்வது இது. 10 மில்லி சிரிஞ்சின் தண்டைக் கழற்றி, நுனியை விரலால் பொத்தி, தடிப்பாக்கிய பானத்தை 10 வரை ஊற்ற வேண்டும். விரலை எடுத்து 10 விநாடி விட்டுத் திரும்பப் பொத்த வேண்டும். 4 முதல் 8 மில்லி வரை மிஞ்சினால் இரண்டாம் நிலை. ஒன்று முதல் 4 என்றால் முதலாம் நிலை. கண்ணால் பார்த்துச் சொல்கிற ஆட்களை நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்து.

ஐஸ்கிறீமும் ஜெலியும் வாயில் தண்ணீராகிவிடும், கவனம். சொதி தளும்புகிற இடியப்பமும் அப்படித்தான்: வாய் இடியப்பத்தை மெல்ல, சொதி முன்னால் ஓடிவிடும்.

றாகம பட்டதாரி:
சேகர் சொன்ன அளவு சரி. ஒரு திருத்தம், எல்லா சிரிஞ்சும் சரிவராது. பூச்சியத்திலிருந்து 10 வரையான கோடு 61.5 மில்லிமீற்றர் நீளம் இருக்க வேண்டும். தேத்தண்ணியை அம்மா குடிக்கும் சூட்டிலேயே அளவுங்கள். மலச்சிக்கலுக்கு மேக்ரோகோல் பவுடர் கொடுக்கிறீர்களா? மாப்பொருள் தடிப்பாக்கியோடு அது சேர்ந்தால் கலவை தண்ணியாகிவிடும்.

வெள்ளவத்தை மகள்:
மேக்ரோகோல் இல்லை. இப்போதுதான் அளந்தேன். அண்ணா சொன்ன தடிப்பில் ஒரு துளிகூட இறங்கவில்லை!

றாகம பட்டதாரி:
அது நான்காம் நிலை, கரண்டியால் ஊட்டுகிற பதம். பவுடரைக் குறைத்து, கிளினிக்கில் சொன்ன இரண்டுக்கே வாருங்கள். நிமிர்த்தி இருத்தி, சின்னச் சின்ன மிடறாகக் கொடுங்கள். பல்லையும் நாக்கையும் ஒழுங்காகத் துலக்கிவிடுங்கள், வாய்க் கிருமி உள்ளே போவதுதான் நியூமோனியாவுக்குப் பெரிய காரணம். இரண்டாம் நிலையிலும் குரல் ஈரமாகவே இருந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை இருக்காமல் போன் பண்ணுங்கள். காய்ச்சலோ மூச்சு வாங்கலோ வந்தால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அண்ணாவுக்கு அந்தச் சிரிஞ்சைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.