ஐடிலில் மட்டும் மிஸ்ஸிங். வியாழக்கிழமை மலையிறங்க வேண்டும்

தேயிலைச்சரிவு:
வணக்கம். வண்டி நின்றபடி இன்ஜின் ஐடிலில் ஓடும்போது வண்டியின் உடம்பே ஆடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சரியாகிவிடுகிறது. ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றியாயிற்று. வியாழன் காலை அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கோவைக்கு அழைத்துப் போக வேண்டும். தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

குன்னூர் மூடுபனி:
எந்த வண்டி? எந்த வருடம்? பெட்ரோலா, கேஸா?

கேத்தி வாசி:
பத்து நாளாக விடாத சாரல். ஈரம்தான் காரணம். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உட்புறத்தைத் துடையுங்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து பாருங்கள். ஒயரில் கரண்ட் கசிந்தால் நீலப்பொறி தெரியும்.

பழைய ஸ்பேனர்:
நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வைத்தியரிடம் மருந்து கேட்கிறீர்கள். வண்டியின் பெயர், வருடம், ஊர், என்ன செய்து பார்த்தீர்கள் என்பதையெல்லாம் முதலில் எழுத வேண்டும். ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

தேயிலைச்சரிவு:
மன்னிக்கவும் ஐயா. மாருதி ஜென், 1997, பெட்ரோல், காற்றையும் பெட்ரோலையும் கலப்பது கார்புரேட்டர். ஊட்டி. மூடியைத் துடைத்தேன், மாற்றமில்லை.

லவ்டேல் தம்பி:
ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். சமவெளிக்கு டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். இந்தக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் திருகைச் சற்று உள்ளே திருப்புங்கள்.

பழைய ஸ்பேனர்:
அப்படியானால் பிளக் கரிபிடித்திருக்கும். கழற்றிய பிளக் என்ன நிறம்? இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தீர்களா? கைப்பிடியில் ரப்பர் உறை போட்ட இடுக்கியால் பிடியுங்கள். கழற்றிய முனை இன்ஜின் உலோகத்தைத் தொட்டிருக்கட்டும். எந்த ஒயரைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை.

தேயிலைச்சரிவு:
பழைய பிளக் வெளுத்திருந்தது. எந்த ஒயரைக் கழற்றினாலும் ஓட்டம் ஒரே அளவு குறைகிறது.

கல்லாறு பயணி:
வியாழக்கிழமைக்கு ஒரு வழி இருக்கிறது. பர்லியாறு வரை நியூட்ரலில் விடுங்கள். இருபது வருடமாக அப்படித்தான் இறங்குகிறேன், பெட்ரோலும் மிச்சம்.

குன்னூர் மூடுபனி:
அண்ணா, இதைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். ஏறிய கியரில்தான் இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன வண்டியை நேரில் பார்த்திருக்கிறேன்.

கல்லாறு பயணி:
ஓட்டத் தெரிந்தவனுக்கு ஒன்றும் ஆகாது, தம்பி.

பழைய ஸ்பேனர்:
ஆகும். நியூட்ரலில் இன்ஜின் ஐடிலில்தான் ஓடும். இவர் வண்டி அந்த ஐடிலில்தானே தடுமாறுகிறது? வளைவில் அணைந்துவிட்டால் பிரேக் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டருக்கு, இன்ஜின் உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். எத்தனை சொட்டு பெட்ரோலுக்காக இந்த விளையாட்டு?

தேயிலைச்சரிவு:
ஐயா, பெடல் கல்லாகும் என்றீர்களே, ஒரு வாரமாக அப்படித்தான் இருக்கிறது. பழைய வண்டி என்று விட்டுவிட்டேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பழைய ஸ்பேனர்:
இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! வண்டியை எடுக்காதீர்கள். இன்ஜினுக்குள் கலவை போகும் வழியான மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கும். வெடிப்பு வழியாக உள்ளே போகும் காற்று, கலவையில் பெட்ரோல் பங்கைக் குறைத்து அதை மெலிய வைக்கிறது. பிளக் வெளுத்ததும், நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல் இருப்பதும் அதனால்தான். ஐடிலில் உறிஞ்சும் வேகம் அதிகம், உள்ளே போகும் கலவையோ குறைவு. அதனால் கசிவு அப்போதுதான் பெரிதாகத் தெரியும். குழாயை மேனிஃபோல்டு பக்கத்தில் இறுக்கி மடக்குங்கள். ஆட்டம் அடங்கினால் குற்றவாளி அதுதான்.

லவ்டேல் தம்பி:
என்றாலும் மிக்ஸ்சரையும் ஒரு முறை பார்க்கலாம்.

தேயிலைச்சரிவு:
மடக்கினேன், அடங்கிவிட்டது. கிளாம்புக்கு அடியில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. மார்க்கெட் அருகில் புதுக் குழாய் வாங்கி வந்துவிட்டேன். நடுவில் இருக்கும் வால்வை எந்தப் பக்கம் பார்த்துப் பொருத்துவது?

குன்னூர் மூடுபனி:
காற்று பூஸ்டரிலிருந்து இன்ஜினுக்கு மட்டும் போக வேண்டும். கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம்தான் போகும். பொருத்தியபின் ஊருக்குள் சமதளத்தில் நாலைந்து முறை பிரேக் பிடித்துப் பார்க்காமல் மலையிறங்காதீர்கள். அம்மா வண்டியில் இருப்பார்.

தேயிலைச்சரிவு:
பொருத்தியாயிற்று. பெடல் மென்மையாக இறங்குகிறது. இரண்டாவது கியரிலேயே இறங்குகிறேன். நன்றி ஐயா, நன்றி அனைவருக்கும்.