டெர்ராஃபார்ம் வேரியபிளுக்குச் சொந்த வேலிடேஷன் விதி: மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்

இரவுஷிஃப்ட்

வணக்கம். சர்வர், நெட்வொர்க் எல்லாவற்றையும் கோடாக எழுதி உருவாக்குகிற கருவிதான் டெர்ராஃபார்ம். எங்கள் குழுவில் ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) வேலைக்கென்று ஒரு டெர்ராஃபார்ம் மாட்யூல், அதாவது பலர் எடுத்துப் பயன்படுத்தும் கோடுத் தொகுப்பு, எழுதி வைத்திருக்கிறேன். நான்கு குழுக்கள் அதை எடுத்துப் பயன்படுத்துகின்றன. போன வாரம் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

மாட்யூலில் 'என்விரான்மென்ட்' என்று ஒரு வேரியபிள். அதன் மதிப்பு 'ப்ராட்' (லைவ் சூழல்) என்றால் சர்வர் 3, வேறு எதுவாக இருந்தாலும் 1. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் என்ன மதிப்பு கொடுக்கவேண்டும் என்று கேட்டார். நான் பஸ்ஸில் இருந்தேன், வாட்ஸ்அப்பில் ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். போன் கீபோர்டு முதல் எழுத்தைப் பெரிய 'பி' ஆக்கிவிட்டது. அவர் அதை அப்படியே காப்பி செய்து ஒட்டிவிட்டார். கோடு எதிர்பார்த்தது சிறிய 'பி'. பொருந்தவில்லை, ஆக அது 'வேறு எதுவோ' ஆகிவிட்டது. என்ன மாறப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும் ப்ளானின் கடைசி வரி, அழிக்கப்போவதைச் சொல்லத்தான் செய்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு அந்த வரியை யார் படிக்கிறார்கள்? 'எஸ்' என்று அடித்தார், லைவில் இருந்த மூன்று சர்வரில் இரண்டு போயே போச்சு. தப்பு அவருடையது இல்லை. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற வேரியபிளை எழுதியது நான்தான்.

இப்போது ஒவ்வொரு வேரியபிளுக்குள்ளும், கொடுத்த மதிப்பு சரியா என்று பார்க்கும் வேலிடேஷன் பிளாக் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று சந்தேகம்.

ஒன்று: தப்பான எழுத்தில் வந்தால் நிறுத்திவிடுவதா, 'லோயர்' ஃபங்ஷன் போட்டு நாமே சிறிய எழுத்தாக்கிக்கொள்வதா?

இரண்டு: என்விரான்மென்ட் 'ப்ராட்' என்றால் சர்வர் எண்ணிக்கை என்ற இன்னொரு வேரியபிள் 3-க்குக் குறையக்கூடாது என்று எழுதப் பார்த்தேன். கண்டிஷனுக்குள் அந்த வேரியபிளை மட்டும்தான் குறிப்பிடலாம், இன்னொன்றைத் தொடக்கூடாது என்று எரர் வருகிறது. நாங்கள் இருப்பது டெர்ராஃபார்ம் வெர்ஷன் 1.5.7.

மூன்று: விபிசி (ஏடபிள்யூஎஸ்-இல் நமக்கான தனி நெட்வொர்க்) ஒன்றின் துண்டுதான் சப்நெட்; சப்நெட்டின் முகவரி வரம்பு விபிசி வரம்புக்குள் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? ஒருமுறை ஒருவர் 10.20.0.0/16 விபிசிக்கு 10.21.3.0/24 என்று சப்நெட் கொடுத்துவிட்டார். ப்ளான் சுத்தமாகப் போனது. நிஜமாக உருவாக்கும் அப்ளையில் பாதி உருவான பிறகுதான் ஏடபிள்யூஎஸ் முடியாது என்றது.

பழைய_சிஸ்அட்மின்

முதல் கேள்விக்கு என் பதில்: நிறுத்துங்கள். லோயர் போடுவது உதவி மாதிரி தெரியும். ஆனால் ஒரு இடத்தில் போடுவீர்கள், டேக் (சர்வர்மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு) எழுதும் இடத்தில் மறப்பீர்கள். அப்புறம் பில்லைப் பிரித்துப் பார்க்கும்போது பெரிய 'பி' ஒரு வரி, சிறிய 'பி' ஒரு வரி என்று இரண்டு சூழல் இருப்பது போலக் காட்டும். 'கன்டெயின்ஸ்' ஃபங்ஷனில் டெவ், ஸ்டேஜிங், ப்ராட் என்று மூன்று பெயரையும் பட்டியலாகக் கொடுங்கள். அதில் இல்லாதது எதுவும் உள்ளே வராது.

இரண்டாவது, வெர்ஷன் பிரச்சனை. வேலிடேஷன் பிளாக் 0.13-இல், அதாவது 2020-இல், முறையாக வந்தபோதே அந்தக் கட்டுப்பாடும் கூடவே வந்தது. 2024-இல் 1.9 வந்த பிறகுதான் கண்டிஷனுக்குள் மற்ற வேரியபிளையும் தொடலாம் என்று ஆனது. நீங்கள் 1.5.7-இலேயே நிற்பதன் காரணம் எனக்குத் தெரியும், நாங்களும் அங்கேதான் ரொம்ப நாள் நின்றோம். 2023 ஆகஸ்டில் டெர்ராஃபார்மை உருவாக்கும் ஹாஷிகார்ப் நிறுவனத்தார் லைசென்ஸை மாற்றுவதாக அறிவித்தார்கள், 1.6 முதல் புது லைசென்ஸ். எங்கள் சட்டப் பிரிவு அந்தக் கோப்பைத் திறக்கவே எட்டு மாதம் ஆயிற்று. சரி, அது வேறு கதை.

1.5.7-இல் வழி இருக்கிறது. சர்வர் ரிசோர்ஸுக்குள் 'லைஃப்சைக்கிள்' பிளாக், அதற்குள் 'ப்ரீகண்டிஷன்'. 1.2-இலிருந்தே உண்டு. அங்கே எந்த வேரியபிளையும் தொடலாம். என்விரான்மென்ட் ப்ராட் இல்லை, அல்லது எண்ணிக்கை 3-க்குக் குறையவில்லை, இந்த இரண்டில் ஒன்று உண்மையாக இருக்கவேண்டும் என்று எழுதினால் போதும். இரண்டு மதிப்பும் முன்கூட்டியே தெரிந்தவை என்பதால் ப்ளானிலேயே நின்றுவிடும்.

புள்ளிக்கோடு

ரீஜெக்ஸ் (எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் பேட்டர்ன்) எழுதப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. நான் இதில் ஒரு முழுநாள் தொலைத்திருக்கிறேன்.

'கேன்' ஃபங்ஷனுக்குள் ரீஜெக்ஸ் போட்டுச் சோதிப்பதுதான் எல்லாரும் செய்வது. பொருந்தவில்லை என்றால் ரீஜெக்ஸ் எரர் கொடுக்கும், கேன் அதைப் பிடித்துப் பொய் என்று திருப்பித் தரும். இதுவரை சரி. ஆனால் ரீஜெக்ஸ் முழுச் சொல்லையும் பார்ப்பதில்லை, சொல்லுக்குள் எங்காவது பொருந்தினால் போதும் என்று விட்டுவிடும். 'டெர்ராஃபார்ம் கன்சோல்' திறந்து, சிறிய எழுத்துகள் மட்டும் என்று பேட்டர்ன் கொடுத்து, உங்கள் பெரிய 'பி' ப்ராட்டையே போட்டுப் பாருங்கள். முதல் எழுத்தை விட்டுவிட்டு மீதி 'ராட்' என்று பதில் வரும். ஏதோ ஒன்று கிடைத்ததா, கேன் உண்மை என்று சொல்லிவிடும். வேலிடேஷன் பாஸ்! தொடக்கத்தில் ^, முடிவில் $ இரண்டும் போட்ட பிறகுதான் அது சோதனை.

இன்னொன்று. டீஃபால்ட் நல் (மதிப்பே இல்லை) என்று வைத்திருக்கும் வேரியபிளில், 'நல் அல்லது நீளம் 3-க்கு மேல்' என்று || ('அல்லது' குறி) போட்டு எழுதாதீர்கள். உங்கள் வெர்ஷனில் || இடப்பக்கம் உண்மை என்றாலும் வலப்பக்கத்தையும் கணக்கிடும், நல்லின் நீளத்தைக் கேட்டு விழும். 1.12-இல்தான் இது சரியானது. அதுவரை கேள்விக்குறி, முக்காற்புள்ளி வைத்து எழுதுகிற கண்டிஷனல்: நல் என்றால் உண்மை, இல்லையென்றால் நீளத்தைப் பார். நல் வரவே கூடாது என்றால் நல் டீஃபால்ட்டை எடுத்துவிட்டு 'நல்லபிள்' ஃபால்ஸ் என்று ஒரு வரி போட்டு விடுங்கள், வேலை முடிந்தது.

பழைய_சிஸ்அட்மின்

மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டேன். சப்நெட் உள்ளே இருக்கிறதா என்று சோதிக்கப் பிட் கணக்கெல்லாம் போட்டு ஒரு கண்டிஷன் எழுதலாம். நானே எழுதியிருக்கிறேன், ஆறு மாதம் கழித்துப் படித்தால் எனக்கே புரியவில்லை. அந்த வேரியபிளையே தூக்கிவிடுங்கள். விபிசி வரம்பை மட்டும் வாங்கி, 'சிஐடிஆர்சப்நெட்' ஃபங்ஷனில் 10.20.0.0/16, 8, 3 என்று கொடுத்தால் 10.20.3.0/24 தானாக வரும். வெளியே போகவே முடியாது. கேட்காத மதிப்பை யாரும் தப்பாகக் கொடுக்கமாட்டார்கள். விபிசி வரம்புக்கு மட்டும் கேன், 'சிஐடிஆர்ஹோஸ்ட்' வைத்து ஒரு வேலிடேஷன் போடுங்கள்.

'டெர்ராஃபார்ம் வேலிடேட்' கட்டளையை நம்பி சிஐ பைப்லைன் (கோடைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) அமைக்காதீர்கள். பெயர் ஒன்றாக இருக்கிறதே தவிர, நீங்கள் கொடுக்கும் மதிப்புகளை அது பார்ப்பதில்லை. ப்ளான் ஓடினால்தான் உங்கள் விதிகள் ஓடும்.

இரவுஷிஃப்ட்

இருவருக்கும் நன்றி. சப்நெட் வேரியபிளைத் தூக்கிவிட்டேன், மாட்யூலில் 40 வரி குறைந்தது. ப்ரீகண்டிஷன் வேலை செய்கிறது. என் பழைய ரீஜெக்ஸ் இரண்டிலும் ^ இல்லை, வெட்கமாக இருந்தது.

எரர் மெசேஜில் 'செல்லாத மதிப்பு' என்று மட்டும் எழுதியிருந்தேன். அந்தத் தம்பியிடமே வேண்டுமென்று தப்பாக ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். "சரி அண்ணா, அப்போ எதுதான் செல்லும்?" என்று கேட்டார். இப்போது கொடுத்த மதிப்பு, செல்லும் மூன்று பெயர், எல்லாம் சிறிய எழுத்தில் வேண்டும் என்பது, மூன்றும் அதே செய்தியில் வருகிறது. தமிழிலேயே எழுதினால் என்ன என்றும் கேட்டார். 1.2-க்கு முன்னால் என்றால் மெசேஜ் பெரிய எழுத்தில் தொடங்கி முற்றுப்புள்ளியில் முடியவேண்டும் என்று விதி, தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? இப்போது அந்தத் தடை இல்லை, எழுதிப் பார்க்கப்போகிறோம்.

ஒரு புதுத் தலைவலி மட்டும். இன்று காலை இன்னொரு குழுவின் ப்ளான் நின்றுவிட்டது. அவர்கள் ஒரு வருடமாக 'யுஏடி' (பயனர் சோதனைச் சூழல்) என்ற பெயரில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்களாம். எனக்கே தெரியாது. பட்டியலில் சேர்ப்பதா, ஸ்டேஜிங் என்று மாற்றச் சொல்வதா?

பழைய_சிஸ்அட்மின்

சேர்த்துவிடுங்கள். அந்தப் பெயர் எஸ்3 பக்கெட் (ஏடபிள்யூஎஸ் கோப்புச் சேமிப்பிடம்) பெயரில் ஒட்டியிருந்தால், மாற்றும்போது பழைய பக்கெட்டை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கத்தான் ப்ளான் போடும். இன்னொரு வெள்ளிக்கிழமை வேண்டாம்.