இரண்டாவது காய்க்கும் அதே நிகழ்தகவு வருவது ஏன்? விளக்க உதவுங்கள்

வணக்கம். நாங்கள் குமுளியில் இருக்கிறோம். மகள் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். திரும்ப வைக்காமல் எடுக்கும் நிகழ்தகவுக் கணக்கில் நேற்று ராத்திரி இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம்.

அவளுக்குப் புரியட்டும் என்று ஒரு மஞ்சப்பையில் 12 ஏலக்காய் போட்டேன். 8 நல்ல காய், 4 வெடித்த காய். பார்க்காமல் ஒவ்வொன்றாக இரண்டு எடுக்க வேண்டும், எடுத்ததைத் திரும்பப் போடக் கூடாது. இரண்டும் நல்ல காயாக இருக்க 8/12 × 7/11, அதாவது 14/33. முதல் காய் போனதும் பையில் 11தான் மிச்சம், அதில் நல்லது 7தான். இது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

அப்புறம் அவளே கேட்டாள்: "முதல் காயை எனக்குக் காட்டாமலே வைத்துக்கொண்டால், இரண்டாவது வெடித்த காயாக இருக்க எவ்வளவுப்பா?" போட்டுப் பார்த்தோம். முதலில் நல்லது வந்தால் 8/12 × 4/11, வெடித்தது வந்தால் 4/12 × 3/11. கூட்டினால் 44/132, அதாவது 1/3. முதல் காய்க்கும் அதே 1/3தான்!

"பையில் ஒரு காய் குறைந்துவிட்டதே, அப்புறம் எப்படி மாறாமல் இருக்கும்?" என்கிறாள். நியாயமான கேள்வி. கை முழுக்க ஏலக்காய் வாசனை வரும்வரை எடுத்து எடுத்துப் பார்த்தோம். விடை சரிதான், ஆனால் காரணத்தை அவள் மனசில் பதிகிற மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை. சூத்திரத்தைக் காட்டி வாயடைக்கவும் மனசில்லை.

கணக்கு ஆசிரியர்கள் யாராவது சூத்திரம் இல்லாமல் எளிமையாக விளக்க முடியுமா? திங்கள்கிழமை அவளுக்குப் பரீட்சை.